கோழி ஒதுக்கிய நாற்று

தக்காளிச் செடியில் எது எந்த ரகம் என்று நட்டவளுக்கே தெரியாமல் போகுமா என்று யாராவது கேட்டால், போகும் என்று சத்தியம் பண்ணுவேன். அதுவும் யாருக்குப் போனது? கூலிம் நகரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து, பூதக்கண்ணாடிக்கு அடியில் அரிசியில் பாதி அளவு இருக்கும் சாமான்களைப் பார்த்துப் பார்த்து, இது நல்லது, இது ரீஜெக்ட் என்று பிரித்துப் போட்டவளுக்கு! தலைமுடி அகலத்துக்கு ஒரு கீறல் இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று லைனில் பேர் வாங்கியவள் நான். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

வேலை முடிந்து வீட்டோடு வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. காலை ஐந்து மணிக்கே கண் விழித்துவிடும். கம்பெனி பஸ் வராத தெருவைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாளைக்குக் காப்பி குடிப்பது? சுங்கை லாலாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில், வரிசை வீட்டுக்குப் பின்னால், ஒரு கார் நிறுத்துகிற அளவுக்கு இடம் இருக்கிறது. அங்கே தக்காளி போட்டேன். கத்தரியோ வெண்டையோ போட்டிருந்தால் மானத்தோடு பிழைத்திருப்பேன். எங்கள் ஊர் வெக்கைக்குத் தக்காளி லேசில் மசியாது. மண்ணில் நட்டால் நேற்று நிமிர்ந்து நின்ற செடி இன்று வாடித் தொங்கும். பையில் நட்டால் பூக்கும், பூத்ததில் பாதி உச்சி வெயிலில் உதிரும். நானும் விடவில்லை. பாலித்தீன் பைகளில் மண்ணும் கருகிய உமியும் கலந்து நிரப்பி, மேலே கறுப்பு வலை கட்டினேன்.

"மலையில விளையிறதக் கொண்டாந்து இங்க ஏன் சாவடிக்கிற?" என்பார் எங்கள் வீட்டுக்காரர். அவர் அப்படிச் சொல்வதாலேயே இன்னொரு பையை நிரப்புவேன்.

அவளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அவள் என் கூட்டாளி. கம்பெனி பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் ஒரே சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போய் வந்தோம். ஜன்னல் ஓரம் ஒரு வாரம் அவளுக்கு, ஒரு வாரம் எனக்கு. என் சம்பல் அவள் டப்பாவில் இருக்கும், அவள் முட்டை என் டப்பாவில் இருக்கும். தொழிற்சாலையில் நான் பார்த்து முடித்த ட்ரேயைக் கடைசியாக ஒரு தடவை பார்த்து, சரி என்று அனுப்புவது அவள் வேலை. என் ட்ரே என்றால் அவள் கண் சும்மா மேலே ஓடும், அவ்வளவு நம்பிக்கை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, அவள் என் ட்ரேயைத் தனியாக நகர்த்தி வைத்தாள். என்னிடம் சொல்லவில்லை. அவரிடம் சொன்னாள். "இது சரியில்ல சார். திருப்பிப் பாக்கச் சொல்லுங்க."

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. முகமூடிக்குள்ளேயே பல்லைக் கடித்தேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் நான் வேறு சீட்டில் உட்கார்ந்தேன். மறுநாளும் அப்படித்தான். அவள் இரண்டு தடவை என் பக்கம் வந்து நின்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை அவள் வரவில்லை. அப்படியே வருஷங்கள் ஓடின. ஒரே மாதத்தில் இருவரும் ஓய்வு பெற்றோம். கம்பெனி வெட்டிய ஒரே கேக்கை ஆளுக்கொரு மூலையில் நின்று தின்றோம். பிறகு அவள் யான் என்கிற ஊருக்குப் போய்விட்டாள். ஜெராய் மலைக்குக் கீழே, வயல் பக்கம் அவள் மகன் வீடு.

அந்த ட்ரேயில் தப்பு இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. திருப்பிப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் கோபம் இரண்டு மடங்கு. தப்பில்லாத ட்ரேயாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் மன்னித்திருப்பேன். இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் இல்லாமல் எனக்குப் பேச்சே ஓடவில்லை. கணவரிடம் என்ன பேசுவது? அவர் பாதி கேட்பார், மீதியைத் தொலைக்காட்சி கேட்கும். எனக்கு என் கூட்டாளி வேண்டும். ஆனால் போய் நிற்க முகம் இல்லை.

அப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்காரர் மீன் வாங்க மோட்டார் சைக்கிளில் யான் வரைக்கும் போனார். கெம்போங் மீனோடு ஒரு பொட்டலமும் கொண்டுவந்தார்.

"உன் கூட்டாளியப் பாசார்ல பாத்தேன். தக்காளி வெதையாம். மருமக போன்ல ஆர்டர் பண்ணி வரவச்சுச்சாம். பெருசா, ரோஸ் கலர்ல காய்க்குமாம். நீ தக்காளி போடுறன்னு சொன்னேன். 'அப்ப இதையும் போடச் சொல்லுங்கண்ணே'ன்னு பக்கத்துலதான் வீடாம், போயி எடுத்தாந்து குடுத்துச்சு."

"வேற என்ன சொன்னா?"

"வேற ஒன்னும் சொல்லல லா."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"மூஞ்சி மூஞ்சி மாதிரி இருந்துச்சு. மீனக் கழுவு."

மாதா கோயில் அறிவிப்புத் தாளைக் கிழித்து மடித்த பொட்டலம் அது. உள்ளே ஆறு விதை. அந்த ஆறு விதையைப் பார்த்து நான் அடுப்படியில் நின்று அழுதேன். மீன் கழுவுகிற கையோடு அழுதால் கண்ணைத் துடைக்கவும் முடியாது.

முட்டை அட்டையில் மண் போட்டு மூன்று வரிசையாக விதைத்தேன். சுவர்ப் பக்கம் அவள் விதை. நடுவில் நீட்டுத் தக்காளி. வாசல் பக்கம் கோலிக்குண்டு மாதிரி சின்னதாகக் காய்க்கும் செரித் தக்காளி. ஐஸ்கிரீம் குச்சியில் பேனாவால் பேர் எழுதிக் குத்தினேன். மூன்றாம் நாள் மழை கொட்டியது. நான் சுங்கை பட்டாணிக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் அதிசயமாக ஒரு நல்ல காரியம் செய்தார். அட்டையைத் தூக்கி உள்ளே வைத்தார். மழை விட்டதும் திரும்பக் கொண்டுபோய் வெளியே வைத்தார். தலைமாடு கால்மாடு மாற்றி வைத்தார், அது எனக்குத் தெரியாது. குச்சியில் இருந்த மை எல்லாம் கரைந்து ஓடியிருந்தது. போனால் போகட்டும், எது எங்கே என்று எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே என்று நானும் விட்டுவிட்டேன்.

நாலைந்து இலை வந்த பிறகு பூதக்கண்ணாடி இல்லாமலேயே ஒரு தப்பு என் கண்ணில் பட்டது. வாசல் பக்க வரிசையில் ஆறு குழிக்கு மூன்று நாற்றுதான் வந்திருந்தது, அந்த மூன்றும் வேறு மாதிரி நின்றன. மற்ற எல்லாவற்றுக்கும் தக்காளி இலை எப்படி இருக்குமோ அப்படி, ஓரம் பல் பல்லாக வெட்டியிருந்தது. இந்த மூன்றுக்கு இலை அகலம், ஓரத்தில் பல் இல்லை. சரிதான், செரி விதை சொத்தை, முளைக்கவில்லை, அந்தக் குழிகளில் குருவி எச்சத்தில் விழுந்த மணத்தக்காளி முளைத்திருக்கிறது என்று தீர்ப்பு எழுதினேன். எங்கள் பக்கம் மணத்தக்காளி கேட்காமலேயே முளைக்கும். ஒரு மாதிரி இருக்கிற கூட்டத்தில் ஒன்று வேறு மாதிரி இருந்தால் அது ரீஜெக்ட். இருபத்தாறு வருஷப் பழக்கம், யோசிக்கவே இல்லை. மூன்றையும் பிடுங்கினேன்.

பிடுங்கியதைப் பக்கத்து வீட்டுக் கோழிக்கு வீசினேன். அந்தக் கோழி மணத்தக்காளி என்றால் ஒரு இலை விடாது. ஓடி வந்தது, ஒரு கொத்து கொத்தியது. தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் அதைத் தாண்டிப் போய் மண்ணைக் கிளறியது. அந்தக் கோழிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்திருந்தால் தக்காளி வாசம் மூக்கில் ஏறியிருக்கும். ஆனால் எங்கள் வேலையில் முதல் பாடமே, கண்ணால் பார், கையால் தொடாதே என்பதுதான். விரல் பட்டால் சாமான் கெட்டது. நாற்றையும் அப்படியே பார்த்தேன். சாயங்காலத்துக்குள் மூன்றும் வெயிலில் சுருண்டு போயின.

சுவர்ப் பக்க நாற்றுகளைத்தான் அவள் கொடுத்தது என்று நம்பிப் பெரிய பெரிய பைகளில் நட்டேன். பெரிய காயைத் தாங்க வேண்டுமே என்று தடித்த கம்பாகப் பார்த்து ஊன்றினேன். அவை கிடுகிடுவென்று என் தலைக்கு மேலே போயின. நடு வரிசைச் செடிகள் இடுப்பளவில் நின்று புதராகப் படர்ந்தன. இப்போது கேட்டால் சொல்வேன், உயரமாக ஓடி, சரம் சரமாகப் பூப்பது செரி, குட்டையாக நின்றுவிடுவது அந்த நீட்டு ரகம் என்று. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் செடி நன்றாக வளர்கிறது என்பதுதான். தினமும் காலையில் அதனோடு பேசினேன். அவளிடம் பேச வேண்டியதை எல்லாம் அதனிடம் பேசினேன்.

காய் வந்தது. சரம் சரமாக வந்தது. ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு.

எங்கள் வீட்டுக்காரர் கம்பையும் காயையும் மாறி மாறிப் பார்த்தார். "இதான் அந்தப் பெரிய தக்காளியா? தாங்குமா கம்பு?" என்று கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் யார் மேல் வந்தது தெரியுமா? அவள் மேல்! பெரிசு பெரிசு என்று சொல்லிச் செரி விதையை அனுப்பி என்னைக் கேலி பண்ணுகிறாள், மூன்று வருஷம் காத்திருந்து பழி வாங்குகிறாள் என்று பாத்திரத்தை எல்லாம் டமார் டமார் என்று வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் மீன் வாங்கக் கிளம்பும்போது, "அவ வீட்டுல அந்தச் செடி இருக்கான்னு பாருங்க. இருந்தா போட்டோ எடுத்துக்கிட்டு வாங்க" என்றேன்.

எடுத்துக்கொண்டு வந்தார். கைப்பேசியில் அவள் செடி. உள்ளங்கை நிறைய ஒரு காய், இளஞ்சிவப்பாக, மேலே வரி வரியாக. சுற்றிலும் இலை. அகலமான இலை, உருளைக்கிழங்குச் செடியின் இலை மாதிரி, ஓரத்தில் ஒரு பல் இல்லை.

அடிப்பாவி, மணத்தக்காளி என்று கோழிக்குப் போட்டது இதைத்தானா!

"அப்புறம், ஞாயித்துக்கெழம சுங்கை பட்டாணியில பூசை முடிஞ்சு இங்க வருதாம்," என்றார் அவர். "நீ அது குடுத்த செடிய ஆசையா வளக்கிறன்னு சொன்னேன். வந்து பாக்குறேன்னுச்சு."

"ஏங்க சொன்னீங்க!"

"நீதானே அந்தச் செடிகிட்ட காலையில பேசிக்கிட்டு இருந்த?"

கையில் இரண்டு நாள். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் மூன்று வருஷம் கழித்து அவள் இறங்கி வந்து ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறாள். அதைக் கோழிக்கு வீசினேன் என்று எந்த வாயால் சொல்வது? வந்தவள் அப்படியே திரும்பிப் போய்விட்டால்? அந்தப் பயத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நீட்டுத் தக்காளிச் செடிகளில் இன்னும் காய் பிடிக்காத ஒன்றைத் தேடி எடுத்து முன்னால் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நூல் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலை எடுத்தேன். முன்பக்கம் தெரிகிற இலைகளின் பல்லை எல்லாம் ஒவ்வொன்றாக வெட்டி, ஓரத்தை வழவழவென்று ஆக்கினேன்.

எங்கள் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "என்னா, தக்காளிக்கு முடி வெட்டி விடுறியா?"

"போய் உங்க வேலையப் பாருங்க."

வெட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் அச்சு அசல் போட்டோவில் இருந்த இலை. எனக்கே பெருமையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தேன். வெட்டின ஓரமெல்லாம் பழுப்பேறிக் கருகிக் கிடந்தது. வேறு செடியை மாற்ற நேரமில்லை. வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

மகன் அவளை இறக்கிவிட்டுப் பிறகு வருகிறேன் என்று போனான். அவள் இளைத்திருந்தாள். முடிக்குச் சாயம் பூசுவதை நிறுத்தியிருந்தாள். நான் என்னென்னவோ பேச ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது "வாடி" மட்டும்தான்.

"ம். வந்தேன்," என்றாள். எங்கள் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. "செடி எங்க?" என்று கேட்டுக்கொண்டே பின்பக்கம் நடந்தாள்.

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தச் செடியின் முன்னால் குனிந்தாள். ட்ரேயைப் பார்க்கும்போது அப்படித்தான் குனிவாள். முதலில் வலது பக்கம், பிறகு இடது பக்கம், பிறகு நடு. கருகின ஓரம் அவள் மூக்குக்கு நேராக இருந்தது. ஒரு இலையின் கிட்டே போய், அதையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

நிமிர்ந்தாள். "நல்லா வந்திருக்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த பைக்கு நகர்ந்தாள்.

அப்பாடா என்று இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. இவளுக்கா தெரியவில்லை? பூசையில் சாமியார் அங்கியில் ஒரு நூல் பிரிந்திருந்தாலும் பஸ்ஸில் வந்து சொல்கிறவளுக்கா? யாரோ ஊர் பேர் தெரியாதவர் வீட்டுக்கு வந்து, காப்பி நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போவது போல அல்லவா பேசுகிறாள்! பொய் சொன்னது நான், ஆனால் கோபமும் எனக்குத்தான் வந்தது.

"ஏய், நில்லு. நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஓரம் பூரா கருகிக் கெடக்கு லா. கத்தரிக்கோலால வெட்டியிருக்கு. தெரியல உனக்கு?"

"தெரிஞ்சுச்சு."

"தெரிஞ்சா அப்புறம் ஏன்டி நல்லா இருக்குன்ற?"

அவள் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "ஒரு தடவ சரியில்லன்னு சொன்னேன். மூணு வருஷம் போச்சு. இன்னொரு தடவ சொல்ல எனக்குத் தெம்பு இல்லடி."

மண் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நான் பயந்தது அவள் கண்டுபிடித்துவிடுவாளே என்று. கண்டுபிடித்த பிறகும் வாயை மூடிக்கொள்கிற அளவுக்கு அவளை நான் ஆக்கி வைத்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அந்த ட்ரே தப்புதான்," என்றேன். "எனக்கு அன்னைக்கே தெரியும். திருப்பிப் பாத்தப்பவே தெரியும். திமிருல இருந்துட்டேன்."

"உன்கிட்ட சொல்லியிருக்கணும். சார்கிட்ட சொன்னது என் தப்பு," என்றாள் அவள். "ரெண்டு தடவ சொல்ல வந்தேன். நீ வெளியில பாத்துக்கிட்டு இருந்த."

"மூணாவது தடவ வந்திருக்கலாம்ல?"

"நீ ஒரு தடவ வந்திருக்கலாம்ல?"

மூக்கைச் சிந்திக்கொண்டு, முட்டை அட்டையிலிருந்து கோழி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். மணத்தக்காளி என்று சொன்ன இடத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கோழி கொத்திப் பார்த்துவிட்டுப் போனது என்றதும், "மாதாவே!" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! எனக்கும் தொற்றிக்கொண்டது. கம்பைப் பற்றிச் சொன்னேன். கோலிக்குண்டுக்கு ஊன்றிய அந்தக் கம்பை அவள் ஆட்டிப் பார்த்து, "இதுல மாட்டையே கட்டலாம்டி" என்றாள். என்னவோ ஏதோ என்று எங்கள் வீட்டுக்காரர் ஓடி வந்தார். இரண்டு கிழவிகள் அழுதுகொண்டே சிரிப்பதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்க் காப்பி கலக்கினார்.

நான் அந்த முடிவெட்டின செடியைத் தூக்கி அவள் முன்னால் வைத்தேன்.

"இப்பச் சொல்லு. இது என்ன?"

"ரீஜெக்ட்!" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

மகனுக்குப் போன் அடித்துச் சாயங்காலமாக வந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். பிறகு என் செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இதற்குக் கீழ் இலையைக் கிள்ளவில்லை என்றாள். இதற்குத் தண்ணீர் ஜாஸ்தி என்றாள். இது நீட்டு ரகமே இல்லை, உன் விதைப் பாக்கெட்டில் கலப்பு என்றாள். மொத்தம் பதினோரு செடியில் ஐந்தைச் சரியில்லை என்றாள். யாரிடமும் போய்ச் சொல்லவில்லை, என் மூஞ்சிக்கு நேராகவே சொன்னாள். அதில் மூன்றை ஒப்புக்கொண்டேன். மீதி இரண்டுக்காக இன்னமும் ஞாயிற்றுக்கிழமை தோறும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.